பட்டுக்கடையின் வலைத்தளமும் புதுப்பித்தல் என்னும் மயக்கமும்

வியாபாரம் செய்யும் எவரும் தம் பெயரில் ஒரு வலைத்தளம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்று விவாதத்துக்கு அப்பாற்பட்ட விஷயமாகிவிட்டது. அதில் எனக்கும் ஆட்சேபமில்லை. ஆனால் அதைத் தொடர்ந்து வந்து, சின்ன காஞ்சிபுரத்தின் சந்நிதித் தெருக்களிலிருந்து காந்தி ரோடு வரையில் பட்டு விற்போர் செவிகளிலும், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களை நடத்துவோர் செவிகளிலும் ஓயாமல் ஓதப்பட்டு, ஏறக்குறைய ஒரு சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. வலைத்தளத்தில் வாரந்தோறும், கூடுமானால் நாள்தோறும், புதிய கட்டுரை ஒன்று ஏறிக்கொண்டே இருக்க வேண்டும்; அப்படி ஏறாத தளத்தைக் கூகுள் முதலிய தேடுபொறிகள் கைவிட்டுவிடும்; தேடுபொறி கைவிட்ட கடையை வாடிக்கையாளரும் கைவிடுவர் என்பதே அது. இந்த அபிப்பிராயம் அதன் அஸ்திவாரத்திலேயே பிழையானது என்றும், நடைமுறையில் வியாபாரிக்கு நஷ்டத்தையும் வாங்குபவருக்குக் குழப்பத்தையும் விளைவிப்பது என்றும், தறியில் உட்கார்ந்திருப்பவனுக்கோ நேரான அநீதியே இழைப்பது என்றும் நான் கருதுகிறேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தச் சித்தாந்தத்தை நம்பி மாதச் சந்தா கட்டிக் கட்டுரைகள் எழுதி வாங்கும் கடைகளின் வலைத்தளங்களைத் திறந்து பார்ப்போர் என்ன காண்கிறார்கள்? காஞ்சிப் பட்டின் மகிமை என்று ஒரு கட்டுரை. அடுத்த வாரம் காஞ்சிப் பட்டின் பெருமை என்று இன்னொன்று. அதற்கடுத்த வாரம் தேவர்களுக்கு ஆடை நெய்து கொடுத்த மார்க்கண்டேய முனிவரின் வழிவந்தவர்கள் இவ்வூர் நெசவாளர்கள் என்னும் ஐதிகம், முன்பு நான்கு முறை சொல்லப்பட்ட அதே வாசகங்கள் இடம் மாறி நிற்க, ஐந்தாம் முறையாக. பிறகு பட்டுச்சேலையை மடித்து வைப்பதற்குப் பத்து வழிகள், அதே வழிகள் ஏழாகச் சுருங்கி மறுபடியும். ஐதிகத்தின்மேல் எனக்கு வெறுப்பு இல்லை. அதை ஒரு முறை, நன்றாக, ஐதிகம் என்று ஒப்புக்கொண்டே சொல்லிவிட்டால் போதுமானது. இப்படியாகக் கட்டுரைகள் பெருகிக்கொண்டிருக்கும் அதே தளத்தில், விலைப் பட்டியல் மூன்று வருஷங்களுக்கு முந்தையதாக நிற்கிறது. விற்றுப்போய், யாரோ ஒரு மணப்பெண்ணின் பீரோவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட சேலையின் படம், இன்னும் கடையில் இருப்பது போலவே காட்சி தருகிறது. அங்கே கொடுத்திருக்கும் தொலைபேசி எண்ணை அழைத்தால் அது உபயோகத்தில் இல்லை. 2021இல் மாநகராட்சியாகிவிட்ட ஊர், அந்தத் தளத்தின் முகவரிப் பக்கத்தில் இன்னும் நகராட்சியாகவே இருக்கிறது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்த செய்தியும் அந்தப் பக்கத்துக்கு எட்டவில்லை. முன்வாசலில் தினமும் கோலம் மாறுகிறது. உள்ளே கூடத்தில் எவரும் விளக்குமாற்றைத் தொடவில்லை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது என்று ஆராய்வது நியாயம்; ஏனெனில் அது வெறும் கற்பனையில் உதித்ததன்று. 2011 நவம்பரில் கூகுள் நிறுவனம் தன் தேடல் முறையில் ஒரு மாறுதலைச் செய்து, அது ஏறத்தாழ 35 சதவீதத் தேடல்களைப் பாதிக்கும் என்று அறிவித்தது. அண்மைக்காலத்தில் எழுதப்பட்டவற்றுக்குச் சிலவகைத் தேடல்களில் கூடுதல் மதிப்பு அளிப்பதே அந்த மாறுதலின் சாரம். 35 சதவீதம் என்ற எண் மட்டும் காற்றில் பறந்து ஊரூராகப் பரவிற்று. அறிவிப்பின் மற்றப் பகுதியை எடுத்துச் சொல்வாரில்லை. இப்போது நடந்துகொண்டிருக்கும் நிகழ்ச்சிகள், தேர்தல்போலவும் விளையாட்டுப் போட்டிபோலவும் குறித்த காலத்தில் திரும்பத் திரும்ப வருபவை, புதிய மாதிரிகள் அடிக்கடி வெளிவருவதால் நிலைமை மாறிக்கொண்டே இருப்பவை ஆகிய இவற்றைப் பற்றிய தேடல்களுக்கே புதியது வேண்டும் என்று அந்த அறிவிப்பே வகுத்துச் சொன்னது. தக்காளி சாஸ் செய்யும் முறையைத் தேடுகிறவருக்குச் சில வருஷங்களுக்கு முந்தைய குறிப்பும் பயன்படக்கூடும் என்பதையும் அதே அறிவிப்பு ஓர் உதாரணமாகக் காட்டிற்று. முழு வாக்கியத்தில் பாதியைப் பிடுங்கி எடுத்து அதன்மேல் ஒரு தொழிலையே கட்டிவிட்டார்கள்.

அதன்பின் அந்த நிறுவனம் தளம் நடத்துவோருக்கென்று வெளியிட்டிருக்கும் வழிகாட்டிக் குறிப்புகளில் இன்னும் வெளிப்படையாகவே பேசியிருக்கிறது. உள்ளடக்கத்தில் குறிப்பிடத்தக்க மாறுதல் ஒன்றும் செய்யாமல், பக்கத்தின் தேதியை மட்டும் மாற்றிப் புதியதுபோல் காட்டுகிறீர்களா என்று அது கேட்கிறது. தளம் புதிதாகத் தோன்றினால் வரிசையில் மேலே ஏறலாம் என்ற எண்ணத்தில் ஏராளமான புதிய பக்கங்களைச் சேர்க்கிறீர்களா, அல்லது பழையவற்றை நீக்குகிறீர்களா என்றும் கேட்டு, அதனால் பலன் இல்லை என்று விடையும் சொல்லிவிடுகிறது. 2022 ஆகஸ்டில், வாசகனுக்காக அன்றித் தேடுபொறிக்காகவே எழுதப்பட்டவற்றைக் கீழே தள்ளும் முறையை அது கொண்டுவந்தது. 2024 மார்ச்சில், பயனற்ற பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்து குவிப்பதை, அதை மனிதன் செய்தாலும் இயந்திரம் செய்தாலும், தன் விதிகளுக்கு விரோதமான குற்றமாகவே வகைப்படுத்திற்று. எந்தத் தேவதையின் பெயரைச் சொல்லி இந்தக் காணிக்கை வசூலிக்கப்படுகிறதோ, அந்தத் தேவதையே அதை வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிறகும் வசூல் நின்றபாடில்லை.

ஆயினும் என் வாதத்தைக் கூகுளின் மேல் சார்த்தி நிறுத்த நான் விரும்பவில்லை. நாளைக்கே அந்த நிறுவனம் மனம் மாறி, தினமும் எழுதுகிறவனுக்கே முதலிடம் என்று அறிவித்தாலும் நான் சொல்வது மாறாது. ஏனென்றால் வலைத்தளத்தைப் படிக்கிறவள், மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வேண்டிய ஒரு தாய். அவள் நாகர்கோவிலில் இருக்கலாம், சிங்கப்பூரில் இருக்கலாம், டொராண்டோவில் இருக்கலாம். கடைக்கு வந்து, ஜமக்காளத்தில் உட்கார்ந்து, சேலையைப் பிரித்துக் கரையை விரலால் தடவிப் பார்க்கும் வாய்ப்பு அவளுக்கு இல்லை. அவளுடைய விரலும் கண்ணும் செய்யவேண்டிய வேலையை அந்தப் பக்கத்திலுள்ள வாசகங்களே செய்தாக வேண்டும். பல மாதச் சம்பளத்தை எண்ணி வைக்கப்போகிற அவளுக்கு, இது கைத்தறியா விசைத்தறியா, ஜரிகை எத்தன்மையது, படத்திலுள்ள சேலை இன்றைக்கு இருக்கிறதா, இன்றைய விலை என்ன, பழுது இருந்தால் யாரிடம் முறையிடுவது என்ற ஐந்து விஷயங்கள் தெரிய வேண்டும். மார்க்கண்டேயர் அவளுக்கு அப்புறம்.

ஜரிகை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். இந்த விவகாரம் முழுவதும் அதனுள் அடங்கியிருக்கிறது. பட்டு நூலைக் கருவாக வைத்து, தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியை அதன்மேல் சுற்றி, பொன் முலாம் ஏற்றுவது அசல் ஜரிகை. வெள்ளிக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றி வெள்ளிப் பூச்சுக் கொடுப்பது அதற்கு அடுத்த தரம். உலோகமே பெயரளவுக்கு இருக்கும் போலி ஜரிகையும் உண்டு. சூரத்திலிருந்து வருவதை மட்டும் நம்பியிராமல், ஜரிகையின் தரத்தைக் காப்பதற்கென்றே 1971இல் தமிழ்நாடு ஜரிகை ஆலை என்ற அரசு நிறுவனம் இவ்வூரில் ஏற்பட்டது. அசல் ஜரிகையிலும் வெள்ளியின் வீதம் எந்நாளும் ஒன்றாகவே இருந்ததில்லை. வெள்ளி விலை ஏற ஏற, சேலை வாங்குவார் கைக்கு எட்டவேண்டும் என்பதற்காக வீதம் குறைக்கப்பட்ட சந்தர்ப்பங்கள் உண்டு. ஆகையால் சுத்த ஜரிகை என்ற இரண்டு சொற்களை ஒரு வலைத்தளம் பத்து வருஷங்களாக மாற்றாமல் வைத்திருக்கிறது என்றால், அச்சொற்கள் எந்தக் காலத்து வீதத்தைக் குறிக்கின்றன என்று வாங்குபவள் எப்படி அறிவாள்? ஜரிகையிலுள்ள தங்கத்தையும் வெள்ளியையும் கருவியில் வைத்துச் சோதித்துச் சொல்லிவிடக்கூடிய இக்காலத்தில், அந்தச் சோதனையின் முடிவையும் தேதியையும் சேலையின் படத்துக்கு அருகே நான்கு வரியில் எழுதி, வீதம் மாறும்போது அந்த நான்கு வரியை மாற்றுவதற்கு ஒரு மணி நேரம் போதும். அதைச் செய்யாமல் பட்டின் மகிமையைப் பற்றி ஐம்பதாவது கட்டுரை வெளியிடுகிற கடை, தன் தளத்தைப் பராமரிக்கிறது என்று நான் ஒப்ப மாட்டேன்.

ஒரு தளத்திலுள்ள எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே ஆயுள் என்று எண்ணுவதே இந்தச் சித்தாந்தத்தின் மூலப் பிழை என்று எனக்குத் தோன்றுகிறது. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக அமையும்படி, மூன்று நாடாக்களை ஓட்டி, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து உதவ, ஒவ்வொரு ஊடையிலும் கரைநூலையும் உடல்நூலையும் கோத்து வாங்கும் கோர்வை நெசவு எப்படி நடக்கிறது என்பதை, தெரிந்தவர் ஒருவர் ஒரு முறை செவ்வையாக எழுதிவிட்டால், இருபது வருஷம் கழித்தும் அதில் தொட்டுத் திருத்த வேண்டியது அதிகமிராது. உடலின் பாவிழைகளோடு முந்தியின் வேறு நிறப் பாவிழைகளை இழைக்கு இழை பிணைத்து நெய்யும் பிட்னி முறையைப் பற்றிய பக்கமும் அப்படியே. இவற்றைப் புதுப்பிக்கிறேன் என்று, ஒன்றும் அறியாத ஒருவர் கையில் கொடுத்து மாற்றி எழுதச் சொல்வது, நல்ல பக்கத்தை அழித்துக் கெட்ட பக்கத்தை வைப்பதில்தான் முடியும், முடிந்திருக்கிறது. ஆனால் விலைப் பக்கத்தின் ஆயுளோ சில நாட்களே. கர்நாடகத்திலிருந்து வரும் கோராப்பட்டின் விலையும் வெள்ளியின் விலையும் ஏறி இறங்குகின்றன. 2025ஆம் ஆண்டில் வெள்ளி ஏறிய ஏற்றத்தில் தை மாதத்தில் எழுதிய விலை ஐப்பசியில் அர்த்தமற்றதாயிற்று. 2017 ஜூலை 1ஆம் தேதி சரக்கு சேவை வரி வந்தபோது, அதற்கு முந்தைய இரவு எழுதப்பட்ட எந்த விலைக் குறிப்பும் மறுநாள் காலையில் செல்லாததாயிற்று. கையிருப்புப் பக்கத்தின் ஆயுள் அதனினும் அற்பம். ஒரு பாவில் மூன்று நான்கு சேலைகளே விழும் கைத்தறியில், ஒரு நிறச் சேர்க்கையில் ஒரே சேலை இருப்பது சர்வசாதாரணம். அது விற்ற கணத்திலேயே அந்தப் பக்கம் பொய்யாகிவிடுகிறது. இருபது வருஷம் நிற்கவேண்டியதை வாரந்தோறும் கலைப்பதும், அன்றன்று மாறவேண்டியதை வருஷக்கணக்கில் தொடாமல் விடுவதும் ஆகிய இரண்டு தவறுகளையும் ஒருங்கே செய்யவைப்பதுதான் இந்த உபதேசத்தின் விளைவு.

மெய்யாகவே நாள்தோறும் எழுதவேண்டிய காலமும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. எங்கள் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் திருக்குளத்திலிருந்து அத்திவரதர் எழுந்தருளிய 2019ஆம் ஆண்டில், ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்களும், பெருமாள் சயனத் திருக்கோலத்தில் இருக்கிறாரா, நின்ற திருக்கோலத்துக்கு மாறிவிட்டாரா, இன்று நடை எப்போது சாத்தப்படும், வண்டிகளை எங்கே நிறுத்த வேண்டும் என்பவற்றைத் தேடியவர்களுக்கு நேற்றைய விடை பயனற்றது. 1939, 1979, 2019 என்று நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை வருவதை எழுதும்போது, அந்த 48 நாட்களில் ஓயாமல் எழுதியவரை நான் போற்றுகிறேன். ஆனால் ஆகஸ்ட் 18ஆம் தேதி அவருக்கு வேறொரு கடமை பிறந்துவிடுகிறது: தரிசனம் முடிந்துவிட்டது, அடுத்தது 2059இல் என்று அந்தப் பக்கங்களில் எழுதிவைக்கும் கடமை. அந்த இரண்டாம் கடமைக்கு இந்தச் சித்தாந்தத்தில் இடமே இல்லை. அது எப்போதும் அடுத்த கட்டுரையைக் கேட்கிறது; எழுதி முடித்ததற்குப் பொறுப்பேற்கச் சொல்வதில்லை.

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்ட அயல்தேசத்து நிபுணர்கள் அவசியமில்லை. காஞ்சிக்குத் தெற்கே, ஒரு மணி நேரப் பிரயாணத்தில், உத்திரமேரூர் இருக்கிறது. அங்கே முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில், கி.பி. 919இல், ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டினார்கள். இரண்டே வருஷங்களில், 921இல், விதிகள் போதாமை கண்டு, யார் தகுதியுடையவர், யார் தகுதியற்றவர், ஓலை எடுப்பது எப்படி என்பவற்றை மேலும் விரிவாகவும் திட்டமாகவும் வகுத்து மறுபடியும் வெட்டினார்கள். கல்லில் எழுதியவர்களே இரண்டு வருஷத்தில் திருத்தினார்கள் என்றால், விரல் நுனியில் திருத்தக்கூடியதை வைத்துக்கொண்டு பத்து வருஷம் திருத்தாதிருப்பவர்க்கு என்ன சமாதானம் சொல்ல இருக்கிறது? இரண்டு சாசனங்களிலும் அரசனின் ஆட்சியாண்டும் நாளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எது முந்தியது, எது பிந்தியது, இன்று எது செல்லும் என்று அன்றைக்குப் படித்தவனுக்குச் சந்தேகம் வர வழியில்லை. சபையின் பெருமையைப் பற்றி வாரம் ஒரு கல்வெட்டு வெட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

திருமழபாடிக் கோயிலில் நடந்ததும் நினைக்கத்தக்கது. முதலாம் ராஜராஜன் காலத்தில் அக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட நேர்ந்தபோது, பழைய சுவரிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் எழுதி எடுத்துக்கொண்டு, பின்னர் ராஜேந்திரன் காலத்தில் புதிய சுவரில் திரும்பப் பொறித்தார்கள். வலைத்தளத்தைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி, பழைய பக்கங்களை ஒட்டுமொத்தமாக அழித்து, அவற்றின் முகவரிகளைத் தேடி வருகிறவர்களை ஒன்றுமில்லாத வெற்றுப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும் வழக்கத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்தச்சர்களின் சிரத்தை நினைவுக்கு வருகிறது. பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு வழி அமைத்துக் கொடுப்பது இன்றைய தொழில்நுட்பத்தில் மிகச் சிறிய வேலை.

தினமும் எழுதவேண்டும் என்போர் சொல்லும் சமாதானங்களில் ஒன்றுக்கு வலு உண்டு. எந்த அசைவும் இல்லாத தளத்தைப் பார்ப்பவர், கடையே மூடப்பட்டுவிட்டதோ என்று ஐயுறுவார் என்கிறார்கள். வாஸ்தவம். ஆனால் அந்த ஐயத்தைத் தீர்ப்பது எது? இந்த விலை இந்த மாதம் இன்ன தேதியில் சரிபார்க்கப்பட்டது என்ற ஒரு வரி தீர்க்கும். இந்தச் சேலை விற்றுவிட்டது, இதே கரையில் வேறு நிறம் தறியில் ஏறியிருக்கிறது, நெய்து முடிக்க இவ்வளவு நாள் ஆகும் என்ற குறிப்பு தீர்க்கும். வைகாசி பிரம்மோற்சவத்தில் கருட சேவையன்று ஊரில் நெரிசலாக இருக்கும், கடைக்கு வருவோர் வேறு நாள் வருவது சௌகரியம் என்ற அறிவிப்புத் தீர்க்கும். புதிய டிசைன்களைக் காட்ட வேண்டாமா என்று கேட்பார்கள்; தாராளமாகக் காட்டலாம். வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் அதற்குத் தகுந்த இடங்கள். அங்கே வந்து அங்கேயே மறைவதால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. வலைத்தளமோ கடையின் சாசனம்.

தறிக்காரனுக்கு அநீதி என்று முதலில் சொன்னேன். அதை இப்போது விளக்குகிறேன். சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம், 2004இல் வந்த சில்க் மார்க், 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு, 2006இல் வந்த கைத்தறி முத்திரை ஆகிய இவ்வளவும் போலிப் பட்டும் விசைத்தறிச் சேலையும் அசல் கைத்தறிப் பட்டின் இடத்தைப் பிடிப்பதைத் தடுக்கவே ஏற்பட்டவை, தடுத்து முடித்தபாடில்லை. இந்த யுத்தத்தில் நெசவாளனுக்கு மிஞ்சியிருக்கும் ஆயுதம், அசலையும் போலியையும் பிரித்துக் காட்டும் திட்டமான, சரியான விவரம் ஒன்றுதான். தினமும் கட்டுரை வேண்டும் என்ற பசிக்கு இரை போட இன்று இயந்திரங்களே எழுதிக் கொடுக்கின்றன. அவை முன்பு எழுதப்பட்டவற்றைக் கலந்து மீண்டும் எழுதுகின்றன. பிட்னியையும் கோர்வையையும் ஒன்றாகக் குழப்பிய கட்டுரை ஒரு தளத்தில் ஏறினால், அடுத்தது அதைப் பார்த்து எழுதப்படுகிறது. கைத்தறி விற்பவனும் விசைத்தறி விற்பவனும் ஒரே விதமான புகழுரையை ஒரே விதமான சொற்களில் வெளியிடும்போது, வாங்குபவளுக்கு இருவரும் ஒருவராகவே தெரிகிறார்கள். அப்புறம் அவள் விலையை மட்டுமே பார்ப்பாள். விலையில் கைத்தறி என்றும் தோற்கும். புவிசார் குறியீட்டின் பதிவுகூடப் பத்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட்டாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தம் கடைக்கு அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தும் அதிகாரம் இருக்கிறதா, எந்த எண்ணில், எந்தத் தேதி வரையில் என்று எழுதாமல், முத்திரையின் படத்தை மட்டும் ஒட்டிவைத்துவிட்டு, அதற்குக் கீழே வாரந்தோறும் பாரம்பரியத்தைப் பற்றி எழுதுவதில் எவருக்கு என்ன பிரயோஜனம்?

சட்டமும் என் வாதத்தின் பக்கமே நிற்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், இணையத்தில் விற்பவர் தம் சட்டபூர்வமான பெயரையும் முகவரியையும், குறைதீர்க்கும் அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் காட்டவேண்டும் என்றும், வந்த முறையீட்டை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்றும் கட்டளையிடுகின்றன. வாரம் ஒரு கட்டுரை எழுதவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. வேலையை விட்டுப்போன ஒருவருடைய எண் அந்த இடத்தில் நிற்கும் தளம், எத்தனை புதிய கட்டுரைகளைத் தாங்கினாலும், விதியை மீறிய தளமே.

சிறு கடைக்கும் சங்கத்துக்கும் இதற்கெல்லாம் ஆள் ஏது, பொழுது ஏது என்ற கேள்வி ஒன்று எஞ்சுகிறது. கட்டுரைக்கென்று மாதந்தோறும் வெளியே போகும் பணமே அதற்கு விடை. அதை நிறுத்தி, நெசவுக் குடும்பத்திலேயே பிறந்து, கல்லூரியில் படித்துவிட்டு, ஊரை விட்டுப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ அந்தத் தொகையைச் சம்பளமாகக் கொடுக்கலாம். மாதத்தில் ஒரு நாள் கணக்கரையும், தறிக்காரர் ஒருவரையும், கல்லாவில் உட்காருபவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் உரக்க வாசிப்பது, இது இன்று மெய்யா என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கேட்பது, மெய்யல்லாததை அன்றைக்கே திருத்தித் தேதி இடுவது என்பவை அந்த வேலையின் முழு லட்சணம். விலையையும் கையிருப்பையும் மட்டும் அவர் அன்றாடம் மாலையில் கடை கட்டுவதற்கு முன் பார்த்துவிடட்டும். எழுதுவதற்கு உண்மையிலேயே புதிய விஷயம் ஒன்று கிடைத்தால், ஒரு மூத்த நெசவாளர் மறந்துபோன ஒரு கரையை மறுபடியும் தறியில் ஏற்றினால், அன்று எழுதட்டும். அடுத்த விஷயம் கிடைக்க எட்டு மாதம் ஆனாலும் ஆகட்டும்.